மண்டபம் வருமென்றார்கள், மன்றம் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் நாளிதழின் ஒன்பதாம் பக்கத்தில் கைக்குட்டை அகலத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் தெருவில் ஒரு மனையின் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு. அதன் கீழே, குடியிருப்புப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற உத்தேசம், ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று இரண்டு வரி. அதை எங்கள் காலனியில் படித்த ஒரே ஆள் அநேகமாக நான்தான். 34 வருடம் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வே எண்ணைப் பார்த்தால் கண் தானாக நிற்கும்.

படித்தேன், சும்மா இருந்தேன். மனைக்காரர் கல்யாண மண்டபம் கட்டப் போவதாகத் தெருவெல்லாம் பேச்சு. மண்டபம் வந்தால் பேத்தி கல்யாணத்துக்குப் பைபாஸ் வரை அலைய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் என் மனைவி அந்தப் பக்கத்தில் வடையை எண்ணெய் வடியப் போட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தில் முதல் குற்றவாளி நான். மற்றவர்கள் அப்புறம்.

எங்களுடையது ஆசிரியர் காலனி. எண்பதுகளில் ஐந்து ஐந்து சென்டாகப் பிரித்து வாங்கிய மனைகள், முப்பதடித் தெரு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு நர்சரிப் பள்ளி, ஒரு மாவு மில். கட்டடம் எழும்பும்போது மண்டபத்தின் சாயல்தான் இருந்தது. பிறகு முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி வந்தது. சமையல்கூடத்துக்கு என்று விட்டிருந்த இடத்தில் ஏ.சி. எந்திரங்கள் ஏறின. சென்ற தை மாதம் பலகை மாட்டினார்கள்: மனமகிழ் மன்றம், உறுப்பினர்களுக்கு மட்டும்.

வெளியூர் வாசகர்களுக்காக இதை விளக்க வேண்டும். நம் மாநிலத்தில் மதுவைச் சில்லறையாக விற்பது டாஸ்மாக். 2003 நவம்பரிலிருந்து அப்படித்தான். ஆனால் 1981ஆம் ஆண்டின் உரிம விதிகளில் வேறு கதவுகளும் உண்டு. நட்சத்திர ஓட்டல் என்றால் எஃப்.எல்.3 என்ற உரிமம். தனி ஒருவருக்குச் சொந்தமில்லாமல் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் மன்றம் தன் உறுப்பினருக்கு மது தருவதென்றால் எஃப்.எல்.2. டென்னிஸ் ஆடி வியர்த்த கனவான்கள் மாலையில் உட்கார்ந்து பேசும் பழைய கிளப்புகள்தான் இதைக் கேட்டதும் நினைவுக்கு வரும். எங்கள் மன்றத்திலும் வரவேற்பறைச் சுவரில் ஒரு டென்னிஸ் மட்டை தொங்குகிறது. வலை எங்கே என்று கேட்டேன். மேலாளர் தம்பி சிரித்துக்கொண்டே, "மாடியில சீட்டு மேசை போட்டிருக்குதுங்கய்யா, வேணும்னா பாருங்க" என்றார். உறுப்பினர் அட்டைக்கு எத்தனை நாள் ஆகும் என்றதற்கு, "ஒரு போட்டோ குடுத்தீங்கன்னா டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆயிருமுங்க" என்றார். நல்ல பையன். டீயும் நன்றாகத்தான் இருந்தது.

நான் மதுவின் வாசனையே அறியாத ஆளில்லை. மறுஅளவைக்குப் போன காலத்தில் கிராமச் சாவடியிலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும் படுத்தெழுந்தவர்கள் நாங்கள். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ரம்மி ஓடும். பாயிண்ட் ஐந்து பைசா. ஃபுல் கவுண்ட் எண்பது வாங்கி, மறுநாள் அளவுச் சங்கிலி பிடிக்கும் சங்கிலிக்காரரிடம் டீக்குக் கடன் சொன்ன நாளும் உண்டு. மாதச் சம்பள நாளில் ஒரு பாட்டிலும் வரும். ஆனால் இரண்டும் ஒன்றாக வந்தால் எங்கள் டெபுடி சர்வேயர் சீட்டுக்கட்டை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். குடித்தவனோடு ஆடுவது திருட்டு என்பார் அவர். இப்போது அவரும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்தப் பேச்சு மட்டும் இந்த ஆறு மாதமாக அடிக்கடி ஞாபகம் வருகிறது.

ஏனென்றால் சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். ரம்மி சூதாட்டமா என்ற கேள்வி 1968இல் ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதுவும் ஒரு கிளப்பில் ஆடிய சீட்டுத்தான். மூன்று சீட்டுப் போலக் குருட்டு அதிர்ஷ்டம் அல்ல ரம்மி, விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அதில் திறமை இருக்கிறது என்றது தீர்ப்பு. அதே தீர்ப்பில், கிளப் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் கதை வேறு என்றும் இருக்கிறது. முதல் பாதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத மன்றமில்லை. இரண்டாம் பாதியை யாரும் மாட்டுவதில்லை.

சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திறமை எங்கே இருக்கிறது? ஞாபகத்தில். கீழ்த்தளத்து மேசையில் ஊற்றிக் கொடுப்பது எதை அழிக்கும்? அதே ஞாபகத்தை. இரண்டு குவார்ட்டர் உள்ளே போன மனுஷன் மாடியேறிப் பதின்மூன்று சீட்டைக் கையில் பிடித்தால், அவனுக்கு ரம்மியும் மங்காத்தாவும் ஒன்றுதான். எதிரில் எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் அது திறமை விளையாட்டு. நீதிமன்றம் சீட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. கலால் பிரிவு பாட்டிலை மட்டும் பார்த்து உரிமம் தருகிறது. நகரமைப்புப் பிரிவு கட்டடத்தை மட்டும் பார்த்து அனுமதி தருகிறது. மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடப்பதைப் பார்க்கிற அதிகாரி யாரென்று ஆறு மாதமாகத் தேடுகிறேன்.

தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம், நானும் பள்ளித் தாளாளர் அம்மாவும் மாவு மில்காரரும். மனு மூன்று இடத்துக்குப் போய் மூன்று இடத்திலிருந்தும் பதில் வந்தது. அதுவரை பாராட்ட வேண்டும். சீட்டா, அது போலீஸ். போலீஸா, புகார் எதுவும் நிலுவையில் இல்லை. மதுவா, உரிமம் முறையாக இருக்கிறது. இடமா, அது வணிகப் பகுதி.

இந்தக் கடைசிப் பதிலில்தான் எனக்குப் பொறி தட்டியது. வடை வடித்த தாள் ஞாபகம் வந்தது.

டாஸ்மாக் கடைகளுக்கு 2003ஆம் ஆண்டு விதி ஒன்று உண்டு. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் கோயில், பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். எல்லோருக்கும் தெரிந்த விதி. அதற்கு ஒரு வால் இருப்பது பலருக்குத் தெரியாது. நகரமைப்பு அதிகாரிகள் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடத்தில் இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. வீட்டிலிருந்து இத்தனை மீட்டர் என்று அந்த விதியில் எங்குமே இல்லை. பிள்ளையாருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் 50 மீட்டர், எங்கள் அளவுக் கணக்கில் இரண்டரைச் சங்கிலித் தூரம், பாதுகாப்பு உண்டு, அதுவும் மண்டல வரைபடத்தில் நிறம் மாறும் வரைதான். வாசலில் கோலம் போடுகிறவளுக்கு அதுவும் கிடையாது.

இது டாஸ்மாக் கடைக்கு உள்ள விதி, மன்றத்துக்கு வேறு விதி என்பார்கள். இருக்கட்டும். மனு விசாரணையில் தூரத்தைப் பற்றி நாங்கள் கேட்டபோது, "வணிகப் பகுதிங்க, தூரக் கேள்வியே வராதுங்க" என்றுதான் எதிர்மேசையிலிருந்து பதில் வந்தது. நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சங்கிலி பிடிக்க ஆளில்லை, மாவு மில்காரர் மகன் ஒரு முனையைப் பிடித்தான். மன்ற வாசலிலிருந்து நர்சரிப் பள்ளி வாசலுக்கு, நடைபாதை வழியாக, 38 மீட்டர். பிள்ளையார் கோயிலுக்கு 61. எதிர்வீட்டுக் கேட்டுக்கு 9. அந்த வீட்டில் ஒரு டீச்சரம்மா சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். எடுத்தார் என்றுதான் எழுத முடிகிறது. இப்போது நாலு பையன்கள் மட்டும் வருகிறார்கள். பெண் பிள்ளைகளை வேறு டியூஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே கலவரம் நடக்கிறது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அடிதடி இதுவரை ஒருமுறைதான், அதுவும் வாய்ச்சண்டையில் முடிந்தது. நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். முப்பதடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் ஆம்புலன்ஸ் வராது. டிரைவர்கள் எங்கள் காம்பவுண்டுச் சுவரை என்னவாக நினைக்கிறார்கள் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. பதினொரு மணிக்கு மேல் தோற்றுப் போய் இறங்குகிறவர்கள் ஜெயித்தவர்களைப் போலச் சத்தம் போடுவதில்லை. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். ஒரு ராத்திரி அப்படி ஒருவர் என் மனைவியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கச்சி, வண்டிய மேல வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்றார். வண்டியை வைத்து ஆடியிருக்கிறார். பஸ் இல்லாத நேரம். நடந்தே போனார்.

வரைபடத்தில் பெயரை மாற்றுவதால் நிலத்தில் என்ன மாறும் என்பது எங்கள் தொழிலில் தினமும் பார்த்த வேடிக்கை. 2016 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே பல மாநிலங்களில் நெடுஞ்சாலைகள் உள்ளாட்சிச் சாலைகளாக மாறத் தொடங்கின. சாலை நகரவில்லை, லாரி நகரவில்லை, கடையும் நகரவில்லை. பதிவேட்டில் பெயர் மட்டும் நகர்ந்தது. எங்கள் தெருவிலும் எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2003 ஜனவரியில் ஏழை குடும்பம் அழிகிறது என்று லாட்டரிச் சீட்டை இந்த மாநிலம் நிறுத்தியது. இணைய ரம்மிக்கு எதிராகச் சட்டசபை இரண்டாம் முறையும் நிறைவேற்றிய மசோதா 2023இல் சட்டமானது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றமே தடை செய்தது. 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் என்றதும் ஊரே கொதித்து, மண்டபங்களை அரசு விலக்கிக்கொண்டது. கைப்பேசியில் கூடாது, பெட்டிக்கடையில் கூடாது, மண்டபத்திலும் கூடாது. மண்டபத்துக்கு நீலக் கண்ணாடி போட்டு மன்றம் என்று எழுதினால் கூடும்.

மன்றத்தை நாளைக்கே மூடு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்பது அரசாங்க வேலை பார்த்தவனுக்குத் தெரியும். கேட்பது வேறு. நிலப் பயன்பாட்டை மாற்றும் அறிவிப்பில் எண்ணும் பரப்பும் மட்டும் போடாமல், என்ன கட்டப் போகிறார்கள் என்று போடட்டும். மண்டபம் என்று சொல்லி மாற்றிய இடத்தில் பிறகு மதுவோ சீட்டோ வருமானால், அந்த மாற்றமே மறுபடி தெருவின் முன்னால் வரட்டும். அறிவிப்பைப் பத்திரிகையில் போட்டதோடு நிறுத்தாமல், மனையிலேயே ஒரு பலகையில், ஆள் நின்று படிக்கும் உயரத்தில் நடட்டும். எல்லைக்கல் நட முடிகிற துறைக்கு ஒரு பலகை நடுவது பெரிய வேலையில்லை.

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த அறிவிப்புகளால் உங்களுக்கு விளம்பர வருமானம் வருகிறது, தவறில்லை. ஆனால் ஒன்பதாம் பக்கத்துச் சர்வே எண் எந்தத் தெரு என்று வாசகருக்கு ஒரு வரியில் சொல்ல உங்கள் ஊர் நிருபரால் முடியும். அவருக்குத் தெரியாவிட்டால் எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். புலப்படத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன், காசு வேண்டாம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வியாழக்கிழமை மறுபடி ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. அதே ஒன்பதாம் பக்கம். மன்றத்துக்குப் பின்னால் இருக்கிற மனை, அடுத்த உட்பிரிவு. கார் நிறுத்தக் கேட்கிறார்களாம், தெருவில் அப்படித்தான் பேச்சு. இந்த முறை நறுக்கி எடுத்துவிட்டேன். நகல் போட்டு மாவு மில் சுவரிலும் கோயில் கதவிலும் ஒட்டியிருக்கிறது. ஆட்சேபணை மனுவில் நேற்று ராத்திரி வரை 46 கையெழுத்து, அதில் மன்றத்து உறுப்பினர் இருவர். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கி வருவோம்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்கின்றன. அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
ஆசிரியர் காலனி