அலையும் மனத்தோடு அமர்தல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்காக வேறு ஊருக்குச் சென்ற பின் வீடு வெறிச்சோடிக் கிடப்பதையும், இரவில் தூக்கம் பிடிக்காமல் பழைய கவலைகளே திரும்பத் திரும்ப வருவதையும் எழுதியிருந்தீர்கள். இங்கு அனைவரும் நலம். ஓய்வு பெற்ற பின் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதியை உளவியல் நூல்களே எடுத்துக்கொள்கின்றன.

கண்களை மூடி அமர்ந்தாலும் மனம் அடங்காததால், மூச்சைக் கவனித்து அமரும் மனவிழிப்புப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணங்களை விரட்டுவது இப்பயிற்சியின் நோக்கமே அன்று. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் தம் சோதனையில் பங்கேற்றவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்றார். அவர்களால் அதைத் தவிர்க்க முடியவில்லை என்பதோடு, தடை நீங்கிய பின், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்களே கரடியை அதிகம் நினைத்தார்கள். "கவலைப்படாதே" என்று நமக்கு நாமே கட்டளையிடும்போது நேர்வதும் ஏறத்தாழ இதுதான். மனம் மூச்சை விட்டு விலகியதைக் கவனித்து, தன்னைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. ஆகவே அது பலமுறை அலைந்தால் பலமுறை பயின்றதாகவே பொருள்.

மனம் அலைவது உங்களுக்கு மட்டும் உரிய குறையுமன்று. 2010-இல் வெளியான கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ஆய்வில், மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதியளவு, செய்துகொண்டிருக்கும் செயலைவிட்டு வேறெதையோ நினைத்திருந்தார்கள். அத்தருணங்களில் அவர்களின் மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது.

எனக்கு அதிகம் பயன்பட்டது உணர்வுக்குப் பெயரிடுதல். மனம் கனக்கும்போது அது சினமா, அச்சமா, வெறும் களைப்பா என்று ஒரு சொல்லில் சொல்லிக்கொள்கிறேன். மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளைப் பட ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிந்தது. உங்களுக்கு உள்ளது கவலையா, மகளைப் பிரிந்த ஏக்கமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஏக்கம் என்றால் தொலைபேசி அழைப்பே தகுந்த மருந்தாக இருக்கலாம்.

இப்பயிற்சியைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதைத் தொடங்கியபோதே, நாள்பட்ட வலியுள்ளவர்களுக்கு மருத்துவத்தோடு துணைநிற்கும் பயிற்சியாகத்தான் அமைத்தார். சிலருக்கு, குறிப்பாகப் பழைய அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்கு, கண்மூடி அமர்வது பதற்றத்தைக் கூட்டுவதும் உண்டு. அவர்கள் கண் திறந்தபடி, நடக்கும்போது பாதங்களைக் கவனித்தாலே போதும்.

உங்கள் தூக்கமின்மை வாரக்கணக்கில் நீள்வதால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி அதற்குப் பின் வரட்டும். அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நண்பன்