வெறும் உலோகத்தில் ஒரு மிக்-21: செல்வத்துக்குக் கடிதம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21க்கு விடைகொடுத்ததிலிருந்து இங்கே நம் கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் அந்தப் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்டைத்தான் தேடுகிறார்கள். நீயும் மாட்டிக்கொண்டாயா, சரி. 1/48 அளவில் பிஎஃப்எம் வகை மாடலை வாங்கியிருக்கிறாய். அதை நாசிக்கில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டிய எஃப்எல் வகையாக்க வேண்டும், அதுவும் பெயின்ட் பூசாத அலுமினிய நிறத்தில். இரண்டும் நடக்கும்.

மாற்றும் வேலை நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை. வாலில் கை வைக்காதே; எஃப்எல்லுக்கும் பிஎஃப்எம் போலவே அகல வால்தான். கேனபிதான், அதாவது விமானி அறையின் கண்ணாடி மூடிதான், உன்னைக் காட்டிக்கொடுக்கும். பிஎஃப்எம்மில் முன்கண்ணாடி தனி, மூடி வலப்பக்கம் திறக்கும். எஃப்எல்லில் பழைய பிஎஃப் போல முன்பக்கக் கீலில் மொத்தமாக மேலே தூக்கும். மூடி வைத்தாலும் சட்டத்தின் கோடுகள் வேறு, மறைக்க முடியாது. கண்ணாடிப் பாகங்கள் கோத்திருக்கும் சட்டமான ஸ்ப்ரூவில் பிஎஃப் கேனபி உபரியாகக் கிடக்கிறதா பார். இல்லாவிட்டால் தனியாக வாங்கு. இருக்கையும் பழைய வகை. இறக்கையின் பின்மடலான ஃபிளாப்பின் மேல் காற்றை ஊதும் எஸ்பிஎஸ் அமைப்பு எஃப்எல்லில் கிடையாது என்பதால், ஃபிளாப்பின் அடியில் உள்ள புடைப்பையும் சீவிவிடு.

உடலின் இரண்டு பாதிகளை ஒட்டுமுன் மூக்கில் எடை போட வேண்டும், இல்லாவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் டேப்பால் தற்காலிகமாகக் கட்டி, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் விரல் வைத்துத் தூக்கிப் பார். மூக்குப் பக்கம் தெளிவாகச் சாயும்வரை போடு. தனியாக விற்கும் ரெசின் எக்ஸாஸ்ட் (என்ஜின் புகைவாய்) வைக்கிறாயென்றால் அதையும் சேர்த்துக் கட்டிப் பார், ரெசின் கனமானது. மீன்பிடி ஈயக்குண்டு போதும். ஆனால் அதை ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையில் கொட்டி வைக்காதே. ஈயம் அதோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல ஊதும். சில வருடம் கழித்து அலமாரியிலேயே மூக்கு பிளந்து நிற்கும். எபாக்ஸி போடு.

இனி முக்கியமான விஷயம். உலோக நிறத்தின் வெற்றி பெயின்ட் தூவும் ஏர்பிரஷில் இல்லை, உப்புத்தாளில் இருக்கிறது. சாம்பல் பெயின்ட் மன்னித்துவிடும் கீறலை அலுமினியம் இரண்டு மடங்காகக் காட்டும். முதுகில் ஓடும் ஒட்டுக்கோட்டைத்தான் முதலில் கவனி. டாமியா எக்ஸ்ட்ரா தின் பசையை விட்டு அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் ஒரு மணிக்கோடாகப் பிதுங்கும். அதை அன்றே தேய்த்தால் வழவழப்பாகத்தான் தெரியும். உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் பிறகு ஆவியாகி, பிளாஸ்டிக் சுருங்கி, பெயின்ட் அடித்தபின் அதே இடத்தில் பள்ளம் விழும். குறைந்தது இரண்டு நாள் விடு, ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. மிஞ்சும் இடைவெளிக்குப் புட்டி வேண்டாம், அதுவும் சுருங்கும். சூப்பர் குளூவில் கொஞ்சம் டால்கம் பவுடர் குழைத்து நிரப்பு. இதை மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், நீ தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக்தான் குறையும்.

தேய்ப்பது 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 800, 1500, 3000 என்று வரிசையாக. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் அப்படியே நிற்கும். அழிந்த பேனல் கோடுகளைத் தடித்த டைமோ லேபிள் டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, கோடு கீறும் ஊசியான ஸ்கிரைபரால் மீண்டும் கீறு. அழுத்தாமல், லேசாகப் பல தடவை. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் அலசு. அதற்குமேல் கையுறை இல்லாமல் தொடாதே; விரல் எண்ணெய் பட்ட இடத்தில் டேப்போடு பெயின்ட்டும் உரியும்.

பிரைமராக, அதாவது அடிப்பூச்சாக, கறுப்பு மிஸ்டர் சர்ஃபேசர் 1500. பளபளக்கும் கறுப்பு அடித்து அதன்மேல் உலோகம் போடச் சொல்வார்கள். அது குரோம் போன்ற கண்ணாடிப் பளபளப்புக்கு. வெயிலிலும் மழையிலும் நின்ற மிக்குக்கு அது பொய்யாகத் தெரியும். தவிர, பளபளக்கும் கறுப்பு முழுக்கக் காயாமல் இருந்தால் மேலே விழும் லாக்கர் பெயின்ட்டின் கரைப்பான் அதைக் கடித்து வெடிப்புவிடும். 1500ஐயே மெல்லிய தாளால் மெருகேற்றினால் போதும்.

ஆல்கிளாட் அலுமினிய லாக்கரை நீர்க்க வேண்டாம், அப்படியே ஊற்று. அடியில் படியும், நன்றாகக் குலுக்கு. காற்றழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ, ஐந்தாறு செ.மீ. தூரம், பனி படிவது போல மெல்லிய படலங்கள். தூரம் கூடினால் துளி வழியிலேயே காய்ந்து மணல் மணலாக ஒட்டும். கறுப்பு மறைந்ததும் நிறுத்திவிடு. அதற்குமேல் அடிக்கும் ஒவ்வொரு படலமும் மினுக்கத்தைக் குறைக்கும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் வேலையே வைத்துக்கொள்ளாதே. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெள்ளை பூத்துப் போகும்.

மூக்குக் கூம்பும் வால் நுனியும் பச்சை. இவற்றை உலோகத்துக்கு முன்பே அடித்து மூடிவிடு. அப்போது டேப் அலுமினியத்தின்மேல் ஒட்ட வேண்டியிருக்காது. எக்ஸாஸ்டைச் சுற்றி மட்டும் ஒரு படி கறுத்த உலோகம், ஓரிரு பேனலில் டியூரலுமின் நிறம். எல்லாப் பேனலுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்துச் சதுரங்கப் பலகையாக்கிவிடாதே, புகைப்படங்களில் அப்படி இல்லை.

டெக்கால்களை, அதாவது ஒட்டும் குறிப்படங்களை, உலோகத்தின்மேல் நேராகவே ஒட்டலாம். வட்டக் குறியில் வெளிக்காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. காவிக்கு அடியில் வெள்ளைப் படலம் அச்சாகியிருக்கிறதா என்று தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொள். இல்லையென்றால் அடியில் உள்ள உலோகம் தெரிந்து காவி அழுக்காகும். டெக்காலை இளக்கும் மார்க் சாஃப்டரைத் துளித்துளியாகத்தான் விட வேண்டும். காய்ந்தபின் டெக்கால் மேல் மட்டும் மெல்லிய வார்னிஷ். விமானம் முழுக்க அடித்தால் அலுமினியம் சாம்பல் பெயின்ட் ஆகிவிடும்.

மூக்கிலிருந்து நீளும், காற்றுவேகம் அளக்கும் பிட்டாட் குழாய் கடைசியில். எஃப்எல்லில் அது மூக்கின் மேல் நட்டநடுவில் நிற்கும். வலப்பக்கம் விலகி இருப்பது எம்எஃப், பிஸ் வகைகளில். பிளாஸ்டிக் குழாய் சட்டை நுனி பட்டாலே ஒடியும், அதனால் பித்தளைக் குழாய் போடு. என்னிடம் 0.5, 0.8 மி.மீ. இரண்டும் உபரியாக இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அளவு. இந்த வாரம் தபாலில் போடுகிறேன். கேனபி கிடைத்ததா என்று எழுது.

அன்புடன்,
ராகவன்