பற்றரிப் பெட்டியிலிருந்து பணிப்பாளர் மேசை வரை: கொழும்பிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மின்சார வாகனப் பொறியியலாளராகத் தொடங்கி ஒரு நிறுவனத்தையே நடத்தும் பொறுப்புக்கு எப்படிப் போவது என்பதைத் தமிழில், பற்றரியைத் திறந்து வைத்தே சொல்லித்தர வேண்டும் என்று கேட்டோம். தயங்காமல் வந்தீர்கள். பல்கலைக்கழக மாணவர்களும் கராஜ் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த இந்த வகுப்புகளை ஒழுங்குசெய்தவர்கள் என்ற முறையில் உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் நன்றி பஞ்சிகாவத்தைக் கராஜ் முதலாளிக்கு. நிசான் லீஃப் என்ற மின்சாரக் காரின் 24 கிலோவாட் மணி பற்றரி ஒன்றை முழுசாகவே தந்துதவினார். உள்ளே மொடியூல் எனப்படும் சிறு பெட்டிகள் 48, ஒவ்வொன்றிலும் 4 செல், ஆக 192 செல். இரண்டிரண்டாகச் சமாந்தரமாகச் சேர்த்த 96 சோடிகள் தொடராக நிற்கின்றன. முழுச் சார்ஜில் 400 வோல்ட் அளவுக்கு வரும். 95 சோடி நன்றாக இருந்தாலும் ஒன்றின் வோல்ட் முதலில் விழுந்துவிட்டால் வண்டி அந்த இடத்திலேயே வலுவைக் குறைத்துவிடும். அதற்காகப் புது மொடியூல் ஒன்றை வாங்கிப் பழையவற்றுக்கு நடுவில் பூட்டினால் போதாது. கொள்ளளவும் உள்தடையும் மற்றவற்றோடு பொருந்த வேண்டும், பூட்டுமுன் வோல்ட் அளவைச் சமப்படுத்த வேண்டும். இதைச் செய்யாத பெட்டி திரும்பக் கராஜுக்கு வரும். லீஃப் பற்றரிக்குக் குளிராக்கும் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. கொழும்பு வெக்கையில் முழுச் சார்ஜோடு வெயிலில் விட்டுவைப்பதே அதற்குப் பெரிய கேடு.

பாதுகாப்பு வகுப்பு எடுத்த மெக்கானிக் பாஸுக்கும், அவருடைய சிங்களத்தை வரிக்கு வரி தமிழில் சொன்ன தங்கைக்கும் அடுத்த நன்றி. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் 12 வோல்ட் பற்றரியைப் பார் என்றார். அது இறங்கிப் போயிருந்தால் பெரிய பற்றரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சான கொன்டக்டர் மூடாது. பெரிய பெட்டியில் கைவைக்கத் தேவையே இல்லாத வேலை அது. கைவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் சாவியைத் தூரத்தில் வை, 12 வோல்ட்டின் மறை முனையைக் கழற்று, பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்து உன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள், 10 நிமிடம் பொறு. பிறகு மீற்றரை 12 வோல்ட்டில் வைத்துப் பார், அளக்க வேண்டிய முனையில் பார், மறுபடியும் 12 வோல்ட்டில் பார். இந்த மூன்றாவது பார்வையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இடையில் மீற்றர் பழுதாகியிருந்தால் உயிருள்ள கம்பியும் பூச்சியம் காட்டும். பிளக்கைக் கழற்றினாலும் செல்களுக்குள் மின் இருக்கத்தான் செய்யும் என்பதால், 1000 வோல்ட் தாங்கும் இறப்பர் கையுறையைக் கடைசி வரை கழற்றக் கூடாது. எங்கள் ஊர் வியர்வைக்கு உள்ளே பருத்திக் கையுறை ஒன்றும் வேண்டும்.

பரிசோதனை மேசையில் தொடங்கி இன்று நிர்வாகத்தில் இருக்கும் எங்கள் மூத்தவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பீற்றர் றோலின்சனின் பாதையை அவர் எடுத்துக்காட்டாக வைத்தார். ஜாகுவார், லோட்டஸ் நிறுவனங்களில் பொறியியல் வேலை. 2009 இல் டெஸ்லாவுக்குப் போய் மொடல் எஸ் காரின் தலைமைப் பொறியியலாளர். 2013 இல், லூசிட் என்று பின்னர் பெயர் மாறிய மின்சாரக் கார் நிறுவனத்தின் தொழினுட்பத் தலைவர். 2019 இல் அதன் தலைமை நிர்வாகி. 2025 பெப்ரவரியில் விலகினார். தூரம் கூட வேண்டுமென்றால் பற்றரியைப் பெருப்பிப்பது ஒரு வழி. அப்போது பாரமும் விலையும் சேர்ந்தே ஏறும். மோட்டரிலும் காற்றெதிர்ப்பிலும் போகும் இழப்பைக் குறைப்பது மற்ற வழி. லூசிட்டின் எயார் பியூர் கார் 84 கிலோவாட் மணியில் 420 மைல், அதாவது ஏறக்குறைய 676 கிலோமீற்றர் போகும் என்று மதிப்பிடப்பட்டது. ஒரு கிலோவாட் மணிக்கு 8 கிலோமீற்றர். பொறியியல் தெரிந்த நிர்வாகி எடுக்கும் முடிவு இப்படித்தான் இருக்கும்.

அதே நிறுவனத்தின் மறுபக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. 2022 க்கு 20,000 வண்டி என்று இலக்கு வைத்தார்கள். உதிரிப்பாக வரத்தும் போக்குவரத்து ஒழுங்கும் இடித்தன. ஆண்டு முடிவில் உருவானவை 7,180. காரின் திறமையில் குறையில்லை. பொறியியலாளர் நிர்வாகியாகும்போது புதிதாகக் கற்க வேண்டியது அந்த வரத்தையும் ஒழுங்கையும்தான் என்று அழுத்திச் சொன்னார். பலகையில் அவர் போட்ட கணக்கு இன்னும் எங்கள் கொப்பியில் இருக்கிறது: 10,000 வண்டியில் நூற்றுக்கு ஒன்று பற்றரிப் பெட்டியின் சீல் கசிந்து திரும்பினால் 100 பெட்டி, ஒன்றை இறக்கி ஏற்ற 6 மணித்தியாலம் என்றால் 600 மணித்தியாலம். மலிவான சீல் போட்டு மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று கேட்டார். மேசையில் அளந்த எண் மேலே போகும் வழியில் மழுங்கக் கூடாது, அதை அப்படியே கொண்டுபோய் 'உற்பத்தியை நிறுத்து' என்று கையெழுத்திடுபவரே நிர்வாகி என்பது அவர் கருத்து. எங்களுக்கும் அதில் முழு உடன்பாடு.

வீட்டுச் சார்ஜிங் பற்றிச் சொன்ன கொட்டாஞ்சேனை மின்னியலாளர் அண்ணாவுக்கும் நன்றி. 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் 6.6 கிலோவாட் சார்ஜர் ஒன்றே 29 அம்பியர் இழுக்கும். பக்கத்தில் ஏசி போட்டால் ட்ரிப். 3.3 கிலோவாட் என்றால் 14 அம்பியரோடு முடியும். 13 அம்பியர் சொக்கெற்றில் இரவு முழுக்க 10 அம்பியருக்கு மேல் இழுக்காதீர்கள், மல்டி பிளக் வேண்டவே வேண்டாம், உருகும். அதற்கென்று தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான ஏர்த்.

ஜப்பான் வண்டிகளின் திரை எழுத்தை வாசித்துத் தமிழில் அட்டவணை செய்துதந்த அக்காவுக்கும், மண்டபம் தந்த வெள்ளவத்தைப் பெரியவர்களுக்கும், தேநீரும் வடையும் தந்த வீட்டாருக்கும் எங்கள் அன்பு. அட்டவணையும் பாதுகாப்புப் படிமுறையும் சேர்ந்த கையேடு அச்சாகிவிட்டது. வேண்டியவர்கள் பஞ்சிகாவத்தைக் கராஜில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். வரும்போது உங்கள் இறப்பர் கையுறையையும் எடுத்துவாருங்கள், மணிக்கட்டிலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து ஓட்டை பார்ப்பது எப்படியென்று பாஸ் காட்டித் தருவார்.

நன்றியுடன்,
வகுப்பு ஒழுங்கமைப்பாளர்கள்,
கொழும்பு