மீனாவுக்கு, அப்பா

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடி போர்ஷனுக்குப் புதிதாக ஆள் வந்திருக்கிறார்கள். மற்றபடி விசேஷம் இல்லை. இரவு படுக்குமுன் கதவுச் சங்கிலியைப் போட்டுக்கொள்கிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, உனக்குப் பின்னால் அந்த நீலச் சுவரைக் காணோம். வெள்ளைச் சுவரும் ஒரு மரப் பீரோவும் தெரிந்தன. அம்மா கவனித்தாளோ என்னவோ. நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. பெயிண்ட் அடித்திருப்பீர்கள்.

போன வருஷம் நாங்கள் லண்டன் வந்திருந்தபோது என்னை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாய். அசீரியக் கற்கள் இருக்கும் அறையில் என்னை உட்காரவைத்துவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனாய். முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தூசி என்றாய். சரி என்றேன்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அந்தச் சுவர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஊருக்கு வந்ததும் தேடித் தேடிப் படித்தேன். இன்றைய இஸ்ரேல் பக்கம் இருந்த யூதா நாட்டின் லாகீஷ் கோட்டையைக் கி.மு. 701இல் பிடித்த அசீரிய ராஜா சனகெரிப், இன்றைய ஈராக்கில் இருக்கும் நினிவேயில் தன் அரண்மனையின் ஓர் அறை முழுக்க அந்தச் சண்டையைச் செதுக்கி வைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டு என்ற ஆங்கிலேயர் தோண்டி எடுத்தார். மதில்மேல் இருப்பவர்கள் தீப்பந்தம் வீசுகிறார்கள். கீழே மதிலை இடிக்கும் வண்டிக்குள் ஒரு சிப்பாய் நீளக் கரண்டியால் தண்ணீர் ஊற்றி வண்டி தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறான். கழுவில் ஏற்றுவது, தோலை உரிப்பது எல்லாம் உண்டு. அந்தப் பக்கம் நான் அதிகம் பார்க்கவில்லை. தோற்ற ஜனங்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் பார், அங்கேதான் கண் நின்றது. மாட்டுவண்டி, மூட்டை, மூட்டைமேல் பெண்டு பிள்ளைகள். திண்டுக்கல் வீட்டைக் காலி செய்தபோது நீயும் அரிசி மூட்டைமேல்தான் உட்கார்ந்து வந்தாய்.

ஜெயித்தவன் தன் பெருமைக்காகச் செய்துவைத்தது. அவ்வளவு பழைய காலத்து யூதா ஜனங்கள் என்ன உடுத்தினார்கள், எதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பார்க்க எதிரியின் சுவருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சனகெரிப்பின் முகத்தைப் பிற்பாடு யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

உன் புரமோஷன் விஷயத்தைப் பேங்க்கில் எல்லோரிடமும் சொன்னேன். மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். ஆனால் அதுவே சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பொங்கலுக்கும் இரண்டு நிமிஷம்தான் பேசினாய். மாப்பிள்ளை குளிக்கிறார் என்றாய். தீபாவளிக்கும் குளித்துக்கொண்டிருந்தார்.

அதே லாகீஷில் 1935இல் ஸ்டார்க்கி என்பவர் தோண்டியபோது, கோட்டை வாசல் அறையில் சாம்பலுக்குள் 18 பானை ஓடுகள் கிடைத்தன. எல்லாம் மையால் எபிரேய மொழியில் எழுதியவை, பெரும்பாலும் கடிதங்கள். இது சனகெரிப்புக்கு நூறு வருஷத்துக்கும் பிறகு, பாபிலோன் படை வந்து ஊரைக் கொளுத்துவதற்குச் சற்று முன்னால். "என் எஜமானுக்கு இன்றே, இன்றைக்கே நல்ல சேதி கிடைக்கட்டும்" என்று ஆரம்பிக்கிறார்கள். ஹோஷயாகு என்று ஒரு சின்ன அதிகாரி. உனக்குப் படிக்கத் தெரியாதா என்று மேலிருந்து கேட்டுவிட்டார்கள் போல. அவனுக்கு ரோஷம். கடவுள்மேல் ஆணையாக எனக்கு யாரும் கடிதம் படித்துக் காட்டியதில்லை என்கிறான். "எனக்குத் தெரியும்ப்பா" என்று நீ சொல்வாயே, அதே தொனி.

இன்னொரு ஓட்டில், லாகீஷின் தீ அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், பக்கத்துக் கோட்டையான அசேக்கா கண்ணில் படவில்லை என்று எழுதியிருக்கிறது. வாட்ஸப்பில் நீ கடைசியாக எப்போது வந்தாய் என்று நான் பார்ப்பது உனக்குப் பிடிக்காது. தெரியும். இருந்தாலும் பார்க்கிறேன். கதவுச் சங்கிலியை மறந்துவிடாதே.

இந்த ஓடுகளில் 5 ஒரே பானையின் துண்டுகளாம். அதனால் இவை வரைவுதான், நல்ல பிரதி பப்பைரஸ் தாளில் போயிருக்கும் என்று யாதீன் என்ற அறிஞர் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கே நாலு வரைவு கிழித்தாயிற்று.

கிழித்ததற்குக் காரணம் ஹோஷயாகுதான். ரோஷப்பட்டு எழுதிய அதே கடிதத்தில், 'ஜாக்கிரதை' என்று யாருக்கோ வந்த ஒரு கடிதத்தை எஜமானுக்கு அனுப்பிவைக்கிறேன் என்கிறான். கைக்கு வந்ததை அவன் அமுக்கிவைக்கவில்லை.

நான் அமுக்கினேன் மீனா. உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூனாவிலிருந்து உன் பேருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. "வந்துச்சாப்பா" என்று தினம் சாயங்காலம் கேட்டாய். இல்லை என்று தினம் சொன்னேன். கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நீயே ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாய். அம்மாவுக்கும் தெரியாது. 14 வருஷமாக எல்.ஐ.சி. பாலிசிக் கவருக்குள் இருக்கிறது. அன்றைக்கு மியூசியத்தில் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். காபி குடிக்கலாமா என்று கேட்டேன்.

அந்தத் தபாலை இதோடு வைத்திருக்கிறேன். திட்டுவதானால் போனில் திட்டு, எழுத்தில் வேண்டாம், அம்மா படிப்பாள். மாடி போர்ஷன் வேண்டுமென்றால் அவர்களைக் காலி செய்யச் சொல்லலாம், 11 மாத ஒப்பந்தம்தான். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கதவுச் சங்கிலி.

இதை உன் ஆபீஸுக்கு அனுப்புகிறேன். வீட்டு முகவரி எதை எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பா