25 அடி தூரம்

மதுரை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போதுதான் படுத்துகிறது. வீட்டில் எல்லோரும் நலம். பேத்தி ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். போன வாரம் மழை விட்டதும் பீரோவைத் திறந்து கேமராக்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். எஃப்எம்2 இன்னும் நன்றாகவே ஓடுகிறது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற 300 லென்ஸில்தான் உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. பீரோவின் அடித்தட்டில் வேறொன்றும் அகப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் மருமகன் மும்பை பாந்த்ராவில் நட்சத்திரங்களைப் படமெடுக்க ராத்திரி ஒரு மணிவரை ஓட்டல் வாசலில் கேமராவோடு நிற்கிறான், தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை, இது நம்ம தொழில்தானா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். சரி என்று பட்டால் அவனிடம் படித்துக் காட்டு.

முதலில் தங்கச்சியிடம் சொல், அவன் செய்வதில் முக்கால்வாசி யாரையும் நோகடிக்காத வேலை. நடிகர்களுக்கு விளம்பரம் பார்க்கிற பி.ஆர். ஆட்களே இன்ன நேரத்துக்கு ஏர்போர்ட், இன்ன நேரத்துக்கு ஜிம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார்கள். நடிகை காரிலிருந்து இறங்குகிறார், இருபது பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவர் நின்று இரண்டு பக்கமும் திரும்பிக் கொடுக்கிறார். படம் வந்தால் அவருக்கு லாபம், இவனுக்குச் சாப்பாடு. இது நம் காலத்தில் பட பூஜைக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்த மாதிரிதான். இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மழையிலும் வெயிலிலும் பைக்கில் துரத்தி ஓடுகிற பையன்களை நினைத்தால் மனசு இளகத்தான் செய்கிறது.

மிச்சக் கால்வாசிதான் எனக்கு உறுத்துகிறது.

பிரபலங்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்த அமெரிக்கப் போட்டோகிராபர் ரான் கலெல்லாவை உனக்கு நினைவிருக்கும். அவர் எடுத்த ஜாக்கி ஓனாசிஸ் படத்தை, அதுதான் ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக இருந்த அந்தம்மா படத்தை, ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டி நம் டார்க் ரூம் கதவில் ஒட்டியிருந்தாயே. 1971 அக்டோபரில் நியூயார்க் மேடிசன் அவென்யூவில், டாக்ஸிக்குள் இருந்தபடி பின்தொடர்ந்து எடுத்த படம். டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறார், அந்தம்மா திரும்பியிருக்கிறார். காற்றில் முடி முகத்தில் விழுந்து, உதட்டில் பாதிச் சிரிப்பு. அதுதான் தன் மோனாலிசா என்று கலெல்லா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்த வண்டியில் இருப்பது யாரென்று தெரியாததால் வந்த சிரிப்பு அது. கலெல்லா கீழே இறங்கியதும் அந்தம்மா கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாராம். அத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்த்தும் எனக்கு அந்தக் கண்ணாடி உறைக்கவே இல்லை.

கோர்ட்டுக்கு முதலில் போனவரே கலெல்லாதான், ஜாக்கியும் அவர் காவலர்களும் தன் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று. வழக்கு அவர் மேலேயே திரும்பிவிட்டது. சென்ட்ரல் பார்க்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஜாக்கியின் சின்னப் பையன் ஜானுக்குக் குறுக்கே அவர் பாய்ந்ததெல்லாம் விசாரணையில் வந்தது. 1972-ல் நீதிபதி ஜாக்கிக்கு 50 கஜம், பிள்ளைகளுக்கு 75 கஜம் என்று தூரம் போட்டார். மறு வருஷம் மேல்முறையீட்டில் அது 25 அடியாகவும், பிள்ளைகளுக்கு 30 அடியாகவும் சுருங்கியது. மனிதர் அதையும் மீறினார். 1982-ல் கோர்ட் அவமதிப்பு என்று ஆனபிறகுதான், இனி அந்தக் குடும்பத்தைப் படமே எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு விட்டார். நடுவில் 1973-ல் ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ விட்ட குத்தில் அவர் தாடை உடைந்து ஐந்து பல் போனது தனிக் கதை. அடுத்த வருஷம் பிராண்டோவை எடுக்க ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார். அடித்து யாரையும் திருத்த முடிவதில்லை.

அந்த 25 அடியைத்தான் இந்தப் பத்து நாளும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு விளக்க வேண்டியதில்லை. 25 அடியில் 135 லென்ஸ் போட்டால் ஆள் தலையிலிருந்து கால்வரை வருவார். 300 போட்டால் முகமும் தோளும் நிறைந்துவிடும், கண் இமை முடியைக்கூட எண்ணலாம். அந்தம்மாவின் மூச்சு முட்டாமல் இருக்க வேண்டுமானால் அந்தத் தூரம் உதவும். மற்றபடி அடிக்கணக்கில் வேலி போட்டு லென்ஸைத் தடுக்க முடியாது.

2023 பிப்ரவரியில் உங்கள் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள். நடிகை ஆலியா பட் ஒரு மத்தியானம் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று நிமிர்ந்தால், பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் இரண்டு பேர் கேமராவோடு நிற்கிறார்கள். மும்பை போலீஸையும் குறிப்பிட்டு இன்ஸ்டாகிராமில் கொதித்துப்போய் எழுதியிருந்தார். அந்த இரண்டு பேர் 25 அடிக்கு அப்பால்தான் நின்றிருப்பார்கள். தொட்டார்களா, துரத்தினார்களா, ஒன்றும் இல்லை. ஆனாலும் கலெல்லா தெருவில் செய்ததைவிட இது எனக்கு மோசமாகப் படுகிறது. தெருவில் ஜாக்கிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளவாவது முடிந்தது. சொந்த வீட்டு ஹாலில் கண்ணாடி மாட்டிக்கொண்டா உட்கார முடியும்?

என் கணக்கு இவ்வளவுதான் மாப்ளே. எதிரே இருப்பவருக்குக் கேமரா இருப்பது தெரிய வேண்டும். வேண்டாமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவருக்கு ஒரு வினாடி இருக்க வேண்டும். அந்த வினாடி இல்லாத படம் நம்முடைய படம் ஆகாது.

குழந்தைகளுக்கு அந்த வினாடி கிடைப்பதே இல்லை. நடிகை கரீனா கபூரின் மகன் தைமூர் கைக்குழந்தையாக இருக்கும்போதே வாசலில் கேமரா நின்றது. கேரளாவில் அவன் ஜாடையில் பொம்மையே விற்றார்கள். அனுஷ்கா சர்மாவும் விராட் கோலியும் மகள் பிறந்த 2021-ல் போட்டோகிராபர்களுக்குப் பரிசுக்கூடை அனுப்பி, குழந்தையை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மும்பைப் பையன்களில் பலர் அதை மதித்தார்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த ஜனவரியில் கேப்டவுன் மைதானத்தில் ஒளிபரப்புக் கேமராதான் அந்த முகத்தைக் காட்டிக் காரியத்தைக் கெடுத்தது. நேரில் கேட்டால் கேமராக்காரன் கேட்பான் என்பதற்கு அந்தப் பரிசுக்கூடையையே சாட்சியாக வைத்திருக்கிறேன்.

டயானா இறந்த அன்று நீயும் நானும் ஆபீசில்தான் இருந்தோம். 1997 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. போட்டோகிராபர்கள் துரத்த, பாரிஸ் சுரங்கப்பாதையில் கார் மோதிவிட்டது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. தப்பு அந்த டிரைவர் மேல்தான் என்று நான் கத்தினேன், நீ எதுவும் பேசவில்லை. 2008-ல் லண்டனில் ஜூரி சொன்னது, ஓட்டியவரின் படுமோசமான அலட்சியமும் பின்னால் துரத்திய வண்டிகளின் படுமோசமான அலட்சியமும் சேர்ந்துதான் காரணம் என்று. அப்போதே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும்.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. ஆட்டோ சங்கர் சுயசரிதைக்காக நக்கீரன் போட்ட வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், தனியாக விடப்படுவது குடிமகனின் உரிமை என்று சொல்லிவிட்டது. குடும்பம், தாய்மை, பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் பேர் சொல்லிக் காட்டியிருக்கிறது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். மொட்டை மாடியில் நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவுக்கு வருமா? எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பீரோவின் அடித்தட்டில் இருந்தது ஒரு காக்கிக் கவர். உள்ளே ஆறு பிரேம் நெகட்டிவ். அந்த நடிகர் வீட்டுச் சாவு, நீயும் வந்திருந்தாய். வாசலில் கூட்டம், மாலை, மந்திரிகள். பின்பக்க மதில் மேல் ஏறினால் கொல்லைப்புறம் தெரியும் என்று நான் சொன்னேன். நீ, "வேண்டாம்டா, வா போகலாம்" என்றாய். நான் ஏறினேன். துவைக்கிற கல்லில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள், பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். யாரோ கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்திருக்கிறார்கள். உரித்துவிட்டாள், தின்னத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடையில் முழங்கால் பக்கம் மஞ்சள் கறை. இதே 300 லென்ஸ்தான். ஆறு தடவை அழுத்தினேன். அவள் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. எல்லோரும் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள், நீ மட்டும் வரவில்லை. அதைப் பற்றி நாம் இன்றுவரை பேசவும் இல்லை. உன் மருமகனைப் பற்றி நீ என்னிடம் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மதில்தான். நீ சொன்னதுதான் சரி, மாப்ளே. இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயசாவது இருக்கும். இந்த நெகட்டிவ்களைக் கொடுத்து மன்னிப்புக் கேட்பதா, திரும்பவும் அந்தக் கொல்லைப்புறத்துக்கு அவளை இழுத்துப்போன மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து வெட்டிப் போட்டுவிடுவதா என்று குழம்புகிறேன். தை பிறந்ததும் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது மருமகனையும் கூட்டிக்கொண்டு வா. நெகட்டிவ் பார்க்கிற லைட் பாக்ஸ் பரணில் இருக்கிறது, இறக்கித் துடைத்து வைக்கிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். என்ன செய்வதென்று நீ சொல், அதன்படி செய்கிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்