அந்தத் தூண் நினைவிருக்கிறதா?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு தூக்கமே வரவில்லை. உன் பெயரில் இருக்கும் ஃபிளாட்டை மாப்பிள்ளை தொழிலுக்காக அடகு வைக்கும் பேச்சு வந்ததும், "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறேன்மா, வீட்டுல நிம்மதி இருந்தா போதும்" என்று சொன்னாயே, அதுவே காதில் ஓடிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்ன வயதில் வட இங்கிலாந்தில் கார்லைலிலிருந்து காரில் பென்ரித்தைத் தாண்டும்போது, ஏ66 சாலையோரம் நிற்கும் எட்டுப்பட்டைத் தூணைக் காட்டி "அது என்னம்மா?" என்று கேட்பாய். மேலே வண்ணம் பூசிய கேடயங்களும் சூரியக் கடிகாரமும் இருக்கும். "ஏதோ பழைய காலத்துத் தூண்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். டியூட்டிக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எதையும் நின்று பார்க்க எனக்கு நேரம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒருநாள் அங்கே இறங்கினேன். அதைக் கட்டியவள் ஆன் கிளிஃபோர்ட். அவள் கதையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். உனக்கு இத்தனை நாள் சொல்லாமல் விட்டது என் தப்பு.

ஆன் 1590இல் ஸ்கிப்டன் கோட்டையில் பிறந்தவள். அப்பா ஜார்ஜ் கிளிஃபோர்ட், கம்பர்லேண்ட் பிரபு. எலிசபெத் ராணியின் செல்லப்பிள்ளை, கப்பல் படை நடத்தியவர், கடன்காரர். மகன்கள் இருவரும் சிறுவயதிலேயே இறந்துபோக, மிஞ்சியது ஆன் மட்டும்தான். 1605இல் அவர் கண்மூடியபோது, வெஸ்ட்மோர்லேண்டிலும் ஸ்கிப்டனிலும் இருந்த கோட்டைகளையும் நிலங்களையும் தன் தம்பி பிரான்சிஸுக்கு எழுதிவைத்திருந்தார். மகளுக்கு 15,000 பவுண்டு பணம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகைதான். ஆனால் இரண்டாம் எட்வர்டு காலத்துப் பத்திரம் ஒன்று இருந்தது. நேர்வாரிசுக்கே நிலம், ஆணா பெண்ணா என்ற பேதம் கிடையாது என்றது அது. அதை மீறி உயில் எழுத அப்பாவுக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் வழக்கு. ஆனின் அம்மா மார்கரெட், பழைய ஆவணங்களை எங்கெங்கிருந்தோ தேடி, நகலெடுத்து, மகளுக்காக வழக்கைத் தொடங்கினாள்.

1609இல் ஆனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரிச்சர்ட் சாக்வில், இரண்டே நாளில் டார்செட் பிரபு ஆனவர். கெண்டில் இருக்கும் நோல் மாளிகை அவருடையது. சூதாட்டம், குதிரை, உடுப்பு என்று பணம் தண்ணீராய் ஓடும். இங்கே ஒரு விஷயத்தை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மனைவிக்கு வரும் ரொக்கம் முழுக்கக் கணவனுக்கே சொந்தம். ஆனால் நிலம் அப்படியில்லை. அதன் வருமானம் கணவன் கைக்குப் போனாலும், அவள் சம்மதம் இல்லாமல் நிரந்தரமாக விற்க முடியாது. டார்செட்டுக்கு நிலம் வேண்டாம், பணம் வேண்டும். அதற்கு ஆன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் வந்து நின்றது.

1616 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பே கூப்பிட்டு வைத்துப் பேசிப்பார்த்தார். அம்மாவைக் கேட்காமல் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வடக்கே ப்ரூம் கோட்டையில் இருந்த அம்மாவிடம் போனாள். அம்மாவும் பெண்ணும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். உடனே, வேலையாட்களும் குதிரைகளும் ஆனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று கணவரின் உத்தரவு வந்தது.

அப்போது நடந்ததை ஆன் தன் டைரியில் எழுதியிருக்கிறாள். ஆட்களோடு அம்மா சண்டை போடுகிறாள். அந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒரு காகிதம் எழுதப்படுகிறது. இவர்கள் பிரபுவின் உத்தரவுப்படி போகிறார்கள், இது என் விருப்பத்துக்கு விரோதமானது என்று. அவள் பயந்தது இதற்குத்தான். நாளைக்கு "அவளாகத்தான் புருஷனை விட்டுவிட்டு அம்மா வீட்டோடு இருந்துவிட்டாள்" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த இடத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். வயது 26 அவளுக்கு.

பிறகு மனம் மாறி, இரவோடு இரவாக ஆளனுப்பிக் குதிரைகளை நிறுத்தினாள். 1616 ஏப்ரல் 2, அம்மா கொஞ்ச தூரம் கூடவே வந்து வழியனுப்பினாள். பிரிந்த இடம் அந்தத் தூண் நிற்கும் இடம்தான். மே 24ஆம் தேதி அம்மா இறந்துபோனாள். அந்த மே மாதத் தொடக்கத்திலேயே, இரண்டு வயதுகூட ஆகாத மகளைக் கணவர் தன்னிடம் அனுப்பச் சொல்லிவிட்டார். மறுத்தால் அவர் கோபம் இன்னும் கூடும், அது குழந்தைக்குத்தான் கெடுதல் என்று யோசித்து அனுப்பிவைத்தாள். நான் இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

அப்புறம் ராஜா ஜேம்ஸே 1617 ஜனவரியில் கூப்பிட்டார். ராஜாவை நம்பாதே என்று அவர் மனைவியான ராணியே முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். என் தீர்ப்புக்கு விட்டுவிடுங்கள் என்று ராஜா கேட்டபோது கணவர் உடனே சரி என்றார். உயிருள்ளவரை வெஸ்ட்மோர்லேண்டை விடமாட்டேன் என்றாள் ஆன். இரண்டாம் முறை பிரபுக்களும் வக்கீல்களும் கூடியிருந்த அறையில் ராஜாவுக்கே கோபம் தலைக்கேறியது. அவளை எல்லோர் முன்னும் அவமானப்படுத்திவிடுவார்களோ என்று பயந்து, கணவர்தான் கதவைத் திறந்து அவளை வெளியே அனுப்ப ஏற்பாடு செய்தார். மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நிலம் சித்தப்பாவுக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும், பணம் டார்செட்டுக்கு. அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் அந்த ஆண் வரிசை அற்றுப்போனால் நிலம் அவளுக்கே திரும்பும் என்று ஒரு வரி இருந்தது.

அப்படியேதான் நடந்தது. டார்செட் 1624இல் இறந்தார். இரண்டாவதாக பெம்ப்ரோக் பிரபுவைக் கட்டிக்கொண்டு, அதுவும் சில வருஷத்தில் பிரிவில் முடிந்தது. 1643இல் சித்தப்பா மகன் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, 53 வயதில் அத்தனையும் அவளிடம் வந்தது. அப்பா இறந்து 38 வருஷம்! உள்நாட்டுப் போர் ஓய்ந்து அவள் வடக்கே போய்ச் சேர்ந்தபோது வயது 59. ஸ்கிப்டன், ஆப்பிள்பி, ப்ரூம் என்று இடிந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டினாள். ஆப்பிள்பியில் விதவைகளுக்கு ஒரு விடுதி கட்டினாள். குத்தகைக்காரர்களிடம் கறாராக நடந்து வழக்கும் போட்டாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. 86 வயது வரை வாழ்ந்தாள்.

நம் மாப்பிள்ளை கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, கண்ணு. ஆனும் டார்செட்டைப் பற்றிப் பின்னாளில் நல்லவிதமாகவே எழுதினாள். ஆசையும் இருந்தது, சண்டையும் இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தாத்தா உயில் எழுதாமல் இறந்துபோனார். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் மகளான எனக்கும் பங்கு இருந்தது. லீவில் ஊருக்குப் போன நேரத்தில், பத்திரப் பதிவு ஆபீஸில் உட்காரவைத்து, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "பிறந்த வீடு வேணுமா, பங்கு வேணுமா" என்று கேட்ட பிறகு நான் என்ன செய்வேன்? பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்." அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பணம் போனது எப்போதோ மறந்துவிட்டது. அந்தப் பொய்யில் என் பேர் இருக்கிறதே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் கேட்கிறேன். அந்த ஃபிளாட் உன் பெயரில் இருக்கிறது. அதை அடகு வைத்து மாப்பிள்ளையின் தொழிலுக்குப் பணம் கொடுக்க உனக்கே மனமிருந்தால் தாராளமாகக் கொடு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். மனமில்லை என்றால், நிம்மதிக்காக என்று சொல்லிப் போடாதே. எதுவானாலும், அவருக்குச் சம்பந்தமில்லாத உன் சொந்த வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவு செய். இதுவரை இதைப் பற்றி வந்த மெசேஜ், மெயில் எதையும் அழிக்காதே. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை.

1656இல் அந்தத் தூணைக் கட்டியபோது, ஒவ்வொரு ஏப்ரல் 2ஆம் தேதியும் ஊர் ஏழைகளுக்கு 4 பவுண்டு கொடுக்க ஏற்பாடு செய்தாள் ஆன். பக்கத்தில் ஒரு தாழ்வான கல்மேடை இருக்கும், அதில் வைத்துத்தான் கொடுப்பார்கள். இந்த வருஷம் அந்தச் சமயத்தில் லீவு கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. நாம் போய்ப் பார்க்கலாம். டிக்கெட் நான் போடுகிறேன்.

அதற்குமுன் அந்த அடகுப் பத்திரத்தின் டிராஃப்டை ஸ்கேன் செய்து அனுப்பு. எந்நேரமானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா