பெயின்ட் கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிரில் மெஷின், கிரைண்டர், வட்ட ரம்பம் போன்ற மின்கருவிகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கும் ஆர்வம் பெருகியிருப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். வேலையின் வரிசையைத்தான் குறை சொல்கிறேன். துருவைச் சுரண்டு, பாலிஷ் போடு, பெயின்ட் அடி, பிறகு பிளக்கைச் சொருகிப் பார் என்கிறது கட்டுரை. அந்தக் கடைசிப் படியில் கருவியைப் பிடித்திருப்பவருக்கு உயிர் போகலாம். முதலில் மின்காப்பு, அடுத்து மோட்டார், பிறகு பேரிங்கும் கியரும். பெயின்ட் கடைசி வேலை.

இன்றைய கைக்கருவிகளின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருக்கும். அது இரட்டைக் காப்புக்கான குறி, அதாவது எர்த் தேவைப்படாதபடி மின்காப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. பழைய உலோக உடல் கருவிகளில் அது இருக்காது. கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயர் ஒன்றை நம்பியே அவை வேலை செய்கின்றன. அந்த ஒயர் வரும் கேபிளின் ரப்பர் உறை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் விரலால் மடக்கிப் பாருங்கள், காய்ந்த சருகு போல நொறுங்கும். டேப் சுற்றிச் சமாளிக்காமல் மூன்று கோர் கேபிளாக முழுசாக மாற்ற வேண்டும். சிறிய டிரில்லுக்கு 1 சதுர மில்லிமீட்டர், பெரிய கிரைண்டருக்கும் ரம்பத்துக்கும் 1.5 போதும்.

பழைய ஒயரின் நிறத்தை நம்பிப் புதிய ஒயரை இணைக்கவே கூடாது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஜெர்மன் கருவிகளில் சிவப்புதான் எர்த். சிவப்பைப் பார்த்து அதில் மின்சாரம் வரும் பேஸைக் கொடுத்தால் உடல் முழுக்க மின்சாரம். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதை மீட்டரில் பார்த்த பிறகே தொட வேண்டும். உள்ளே இணைக்கும்போது எர்த் ஒயரை மற்ற இரண்டைவிட ஓரிரு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். கேபிளை யாராவது இழுத்துவிட்டாலும் கடைசியாகக் கழல்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும். எர்த் ஸ்குரூ உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்குங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் உடலுக்கும் இடையே அரை ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ பிடிப்பு சரியில்லை.

அடுத்தது மெகர், அதாவது உயர் வோல்ட்டில் மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர். மல்டிமீட்டரில் உடலுக்கும் ஒயருக்கும் தொடர்பு இல்லை என்று வந்துவிட்டால் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. ஈரம் குடித்த வைண்டிங் (மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்று) அந்த அழுத்தத்தில் கசியாமல் நடிக்கும். 500 வோல்ட் மெகரை எடுத்து, பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாகச் சேர்த்து, கருவியின் ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, மறுமுனையை உடலில் வைக்க வேண்டும். குறைந்தது 2 மெகா ஓம் வரட்டும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க உள்ளே கெபாசிட்டர் வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். பழைய காகிதக் கெபாசிட்டர்கள் உறை வெடித்து ஈரம் இழுத்திருக்கும். ஒருநாள் புகையோடு போகும். மாற்றும்போது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாதுகாப்புத் தரமுள்ள எக்ஸ்2 வகை, உடலுக்குப் போகும் இடத்தில் ஒய் வகை மட்டுமே. உடலுக்குப் போகும் இடத்தில் கிடைத்த கெபாசிட்டரைப் போட்டு அது ஷார்ட் ஆனால், பேஸ் நேராக உடலுக்கு வந்துவிடும்.

மெகரில் குறைவாக வந்தாலே வைண்டிங் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஈரம், இல்லாவிட்டால் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களின் ஹோல்டரைச் சுற்றிப் படிந்த கார்பன் தூள். தூளைக் காய்ந்த தூரிகையால் துடைத்து, 60 முதல் 80 டிகிரி சூட்டில் ஒரு இரவு வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். துரு போக்கும் ஸ்பிரேயை மோட்டாருக்குள் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வைண்டிங்கின் வார்னிஷை இளக்கும், பேரிங்கின் கிரீஸைக் கழுவும், கார்பன் தூளைச் சேறாக்கும்.

பட்டறைகளில் சீரிஸ் லாம்ப் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு, பல்ப் முழுதாக எரிந்தால் மோட்டார் ஷார்ட் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கைக்கருவி மோட்டாருக்கு இந்தத் தீர்ப்பு செல்லாது. 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பின் மின்தடை ஏறக்குறைய 530 ஓம். 500 வாட் டிரில்லின் காயில்கள் எல்லாம் சேர்ந்தே பத்து, இருபது ஓம்தான். நல்ல மோட்டாராக இருந்தாலும் பல்ப் பளிச்சென்று எரியும், மோட்டார் அசையாமலே நிற்கலாம். எத்தனை நல்ல ஆர்மேச்சர்கள் (மோட்டாரின் சுழலும் பாகம்) இப்படிப் பழைய இரும்புக்குப் போயினவோ! உள்ளே நேரடி ஷார்ட் இருந்தால் புகை வராமல் காப்பது மட்டுமே அந்தப் பல்பின் வேலை.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்றால் பெயர்ப்பலகையில் 110 அல்லது 120 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். கார்பன் பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று கவலைப்படாது. சரியான வாட் அளவுள்ள டிரான்ஸ்பார்மர் இருந்தால் ஓடும். பிரஷ் இல்லாத இன்டக்‌ஷன் மோட்டார் அப்படியல்ல. 60-க்குச் செய்ததை 50-ல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும்.

இனி மோட்டார். ஆர்மேச்சரை இழுப்பதற்கு முன் இரண்டு கார்பன் பிரஷ்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவை உடையும். எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்து வையுங்கள்; திருப்பிப் போட்டால் பழகிய வளைவு பொருந்தாமல் பொறி பறக்கும். கார்பன் 5, 6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் மாற்றுங்கள். கார்பன் ஹோல்டருக்குள் விரல் தொட்டாலே வழுக்கிப் போக வேண்டும். தூள் அடைத்து நடுவில் நின்றுவிட்டால், ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும், ஆர்மேச்சரின் முனையில் செம்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டரைத் தொடாது. மோட்டார் விட்டு விட்டு ஓடுவதற்கு இதுதான் முதல் காரணம். அளவு கிடைக்காமல் பெரிய கார்பனை உப்புத்தாளில் தேய்த்துச் சிறிதாக்குவதில் தப்பில்லை, நான்கு பக்கமும் சதுரமாக இருந்தால் சரி.

கம்யூட்டேட்டர் பளபளவென்று செம்பு நிறத்தில் மின்ன வேண்டும் என்று நினைப்பது தவறு. நன்றாக ஓடிய கம்யூட்டேட்டரில் சாக்லேட் பழுப்பில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். கார்பனும் செம்பும் உராய்ந்து தானாக உண்டான அந்தப் படலம்தான் இரண்டின் தேய்மானத்தையும் குறைக்கிறது. மினுமினுப்புக்காக அதைத் தேய்த்தெடுப்பது வேண்டாத வேலை. படலம் கருகியிருந்தால், வரி விழுந்திருந்தால் மட்டும் 400, 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். எமரித் துணி வேண்டாம். அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் மின்சாரம் கடத்தும். ஆழமான பள்ளம் இருந்தால் லேத்தில் ஏற்றி, பேரிங் உட்காரும் இடத்தை மையமாக வைத்து, எவ்வளவு குறைவாகச் சீவ முடியுமோ அவ்வளவு.

சீவிய பிறகு பலர் மறந்துவிடுவது மைக்கா. செம்புப் பட்டைகளுக்கு இடையே மின்காப்பாக இருக்கும் மைக்கா செம்பு அளவுக்குத் தேயாது. செம்பு இறங்கிவிட மைக்கா மட்டும் முண்டிக்கொண்டு நிற்கும், கார்பன் அதன்மேல் துள்ளும், துள்ளும்போதெல்லாம் பொறி. மெல்லியதாகத் தீட்டிய ஹேக்ஸா பிளேடால் ஒவ்வொரு இடைவெளியிலும் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு மைக்காவை இறக்கி, பட்டைகளின் ஓரப் பிசிறை எடுத்து, செம்புத் தூளைத் துடைத்துவிடுங்கள். பிறகு உப்புத்தாளின் சொரசொரப்பு வெளியே தெரிய கம்யூட்டேட்டரில் சுற்றி, ஆர்மேச்சரைக் கையால் திருப்பிப் புதுக் கார்பனின் முகத்தை வளைவாக்கி, சுமை இல்லாமல் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டினால் பழகிவிடும்.

பொறியையும் படிக்கத் தெரிய வேண்டும். கார்பனின் ஓரத்தில் சின்ன நீலப் பொறி இருந்தால் பயமில்லை. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் ஓடினால் ஆர்மேச்சர் காயில் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் பட்டையின் ஓரம் கருகியிருந்தால் காயில் அறுந்திருக்கலாம். அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே மின்தடையை அளந்துகொண்டே வாருங்கள். எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, எல்லா ஜோடிக்கும் ஒரே மாதிரி வருகிறதா என்பதே கேள்வி.

பேரிங்குக்கு எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும். 608 என்றால் உள்ளே 8, வெளியே 22, அகலம் 7 மில்லிமீட்டர். 6000 என்றால் 10, 26, 8. 6201 என்றால் 12, 32, 10. எந்த நிறுவனம் செய்தாலும் அளவு இதுதான். ஐம்பது வருஷக் கருவிக்கும் இன்று பேரிங் கிடைப்பது இதனால்தான். தூசியில் வேலை செய்யும் கருவிக்கு ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகை நல்லது. ஷாப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டி ஏற்றினால் குண்டுகள் பாதையில் குழி போடும். புதுப் பேரிங் முதல் நாளே முனகும். பேரிங்குக்குப் பதில் வெண்கலப் புஷ் (குண்டுகள் இல்லாத வளையம்) இருந்தால் கிரீஸ் வைக்காதீர்கள். அது நுண்துளைகளில் எண்ணெய் குடித்து வாழ்வது. சில சொட்டு டர்பைன் எண்ணெய் விட்டால் போதும்.

கியர் அறையைத் திறந்தால் பழைய கிரீஸ் சோப்புக் கட்டி போல இறுகிக் கிடக்கும். வழித்தெடுக்கும்போது கவனம்: இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் வாஷர்கள் அந்தக் கட்டியில் ஒட்டிக்கொண்டு அப்படியே குப்பைக்குப் போய்விடும், பிறகு கியர் இரைச்சல் ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். மண்ணெண்ணெயில் கியரைக் கழுவலாம், வைண்டிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. புதிய கிரீஸ் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. நிரப்பி அடைத்தால் கியர் அதைக் கடைந்து கடைந்து சூடாக்கி, சீலைத் தாண்டி மோட்டாருக்குள் தள்ளும்.

துருவுக்கு இப்போது மின்பகுப்பு முறை பிரபலம். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், பழைய இரும்புத் துண்டுக்கு பாசிட்டிவ். வேலை அருமையாக நடக்கும். அந்தப் பாசிட்டிவ் துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைப்பவர்கள் உண்டு. அதிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் குரோமியச் சேர்மம் தண்ணீரில் இறங்கும். அலுமினிய, துத்தநாக வார்ப்புகளை இந்தத் தொட்டியில் போட்டால் அரித்துவிடும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

பழைய கிரைண்டருக்குக் காப்பு மூடி இல்லையென்றால் அது கிடைக்கும்வரை கருவி அலமாரியிலேயே இருக்கட்டும். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் கிரைண்டரில் 100 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு விநாடிக்குச் சுமார் 58 மீட்டர் வேகத்தில் போகும். மூடியைக் கழற்றிவிட்டு 180 மில்லிமீட்டர் டிஸ்க் மாட்டினால் அது 104 மீட்டர். டிஸ்க் தாங்குவது 80. கருவியோடு கிடைத்த பழைய டிஸ்க்குகளையும் தூக்கிப் போடுங்கள். ரெசின் டிஸ்க்குக்கு ஆயுள் மூன்று வருஷம். நடுவில் உள்ள உலோக வளையத்தில் தேதி அடித்திருக்கும்.

இதெல்லாம் முடிந்து, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பில் ஓட்டிப் பார்த்த பிறகு பெயின்ட்டுக்கு வரலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. காயவைத்துத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டு, முகமூடி போட்டுத் தேய்க்க வேண்டும். பேரிங் உட்காரும் குழி, எர்த் ஸ்குரூ இடம், காற்றுத் துளைகள் மூன்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். பெயர்ப்பலகையின் மேல் ஒரு பூச்சும் விழக்கூடாது. அடுத்து இதைத் திறப்பவருக்கு வோல்ட்டும் வேகமும் அதில்தான் தெரியும்.

இப்படிக்கு,
மின்கருவி பழுதுபார்க்கும் வாசகர்